பேச்சை வெட்டியது யார்?

கேள்வி: நான் கூடலூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2023 மார்ச் 13 அன்று விடிவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் எழுந்து ஆஸ்கர் விழாவைப் பார்த்தோம். ‘தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்’ குறும்படத்தின் பெயரை அறிவித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். அந்தப் படம் எடுத்த தெப்பக்காடு யானைகள் முகாம் எங்களுக்குப் பக்கத்து ஊர் போல. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் பேசி முடித்தார். அடுத்துத் தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச வாயெடுத்தார், இசை எழும்பிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் அவர் இறங்கிப் போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. “இந்தியர் என்பதால்தான் இந்த அவமதிப்பு” என்கிறார் என் கணவர். “அது வெறும் டைமர், எல்லோருக்கும் அப்படித்தான்” என்கிறான் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். இன்றும் விருது விழா என்று பேச்செடுத்தால் இருவருக்கும் முட்டிக்கொள்கிறது. நான் அதன்பிறகு அந்த விழாவைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, அடுத்த விழாவை என்னோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி? ஒரு டிவி நிகழ்ச்சிக்காக அழுதது என் அசட்டுத்தனமா?

பதில் அளிப்பவர்: நேரலை நிகழ்ச்சி இயக்குநர், சென்னை

டீச்சர், வணக்கம்.

முதலில் உங்கள் மகனுக்குச் சேர வேண்டியதை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். டைமர் உண்மை. ஆஸ்கர் மேடையில் நன்றி சொல்ல 45 விநாடி. அது ஆளுக்கு 45 விநாடி அல்ல, விருதுக்கு 45 விநாடி. ஒருவர் ஏறினாலும் நான்கு பேர் ஏறினாலும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற எல்லோருக்கும் விழாவுக்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறார்கள். மேடையில் நிற்பவருக்கு எதிரே, நம் கண்ணில் படாத இடத்தில், ஒரு திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வரும். வீட்டிலிருந்து பார்க்கிற நமக்குத்தான் அவர் ஆனந்தத்தில் திளைப்பதாகத் தோன்றும். அவரோ ஒரு கண்ணால் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார்.

இசையை எழுப்புவது இசைக்குழுவின் விருப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். இசைக்குழுவை நடத்துபவர் காதில் ஹெட்போன் இருக்கும். உத்தரவு பிசிஆரிலிருந்து வரும். எங்கள் தொழிலில் கட்டுப்பாட்டு அறையை அப்படித்தான் சொல்வோம். ஒரு சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொரு கேமராவுக்கும் ஒன்று. நடுவில் இயக்குநர், பக்கத்தில் ஸ்டாப்வாட்சைப் பார்த்து உரக்க விநாடி சொல்லும் உதவியாளர், பின்னால் மொத்த நேரத்துக்கும் பொறுப்பேற்ற தயாரிப்பாளர். பேசுபவர் முடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் டாக்பேக்கில், அதாவது எல்லோர் காதுக்கும் போகும் எங்கள் உள்தொடர்பில், அடுத்தடுத்துச் சொற்கள் பறக்கும். இசைக்குத் தயாராக இருங்கள், கிரேன் கேமரா பின்வாங்கட்டும், அடுத்த விருதை அறிவிப்பவர் மேடையோரம் வந்துவிட்டாரா? இதெல்லாம் பேச்சு முடிவதற்கு முன்பே சொல்லப்பட்டுவிடும். “நன்றி” என்ற சொல் காதில் விழுந்ததும் இசை கிளம்பும், ஒலிப்பொறியாளரின் விரல் மைக்கின் சத்தத்தைக் கீழே இறக்கத் தொடங்கும், படம் தூரக் காட்சிக்கு மாறிவிடும். இந்தச் சங்கிலி ஓட ஆரம்பித்தபின் நடுவில் ஒருவர் வாய் திறந்தால் அதைத் திருப்புவது கடினம். முடியாது என்று சொல்லவில்லை, கடினம். அந்த உத்தரவை நானும் கொடுத்திருக்கிறேன், தேவைப்பட்டால் இனியும் கொடுப்பேன். நேரலை என்றால் அப்படித்தான்.

கார்த்திகியின் பேச்சைத் திரும்பவும் கேட்டுப் பாருங்கள். மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள பந்தம், பழங்குடி மக்கள், படத்தில் யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி, தன் தயாரிப்பாளர், குடும்பம், தாய்நாடு என்று அந்த 45 விநாடிக்குள் அடைத்திருந்தார். ஐந்தாண்டு அந்தக் காட்டில் அலைந்து படமெடுத்தவர் அவர், ஊட்டிக்காரர். அதில் எந்த வரியை விட்டிருக்கலாம் என்று என்னைக் கேட்டால் எதையும் காட்ட முடியாது. அவர் முடிக்கும்போது கையிருப்பு தீர்ந்துவிட்டது. அன்றைக்கே ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கு விருது வாங்க இருவர் ஏறினார்கள் என்பது நினைவிருக்கும். கீரவாணி தன் நன்றியைப் பாட்டாகவே பாடிவிட்டார், பாடலாசிரியர் சந்திரபோஸ் ‘நமஸ்தே’ என்றதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பேர் ஏறுகிற விருதில் யார் எவ்வளவு பேசுவது என்பதை வரும் வழியில் காரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். விருது வாங்கப் போகிறவர்களுக்கு என் வகையறா ஆட்கள் சொல்லும் புத்திமதி இது ஒன்றுதான்.

இன்னொன்றும் உங்கள் மகன் பக்கம் சேர்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022இல், எட்டு விருதுகளை நேரலைக்கு முன்பே கொடுத்து முடித்து, அவற்றை வெட்டிச் சுருக்கி நிகழ்ச்சியின் இடையிடையே சொருகினார்கள். படத்தொகுப்பு, பின்னணி இசை, ஒலி, மூன்று குறும்பட விருதுகள் எல்லாம் அந்த எட்டில் அடக்கம். ஆவணக் குறும்படமும்தான். திரைத்துறைக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதனால் 2023இல் 23 விருதுகளையும் மறுபடி நேரலைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் விருது கூடியது, நேரம் கூடவில்லை. அந்த விழாவில் அரை நிமிட விளம்பரத்துக்கு 15 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறது அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம். அந்த இடங்களில் கை வைக்க முடியாது. தொகுப்பாளரின் நகைச்சுவையைக் குறைக்க அவர் விடமாட்டார். மிச்சம் இருப்பது விருது பெறுபவரின் வாய்தான். அதிலும் யாருடைய வாய் என்று பார்த்தால், முகம் தெரியாதவருடைய வாய்.

இந்த இடத்தில்தான் நான் உங்கள் கணவர் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போடுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே டைமர் என்பது சரி. எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்களா? அதே 2023 இரவில், அதே போன்ற இன்னொரு குறும்பட விருதை அயர்லாந்துப் படமான ‘ஆன் ஐரிஷ் குட்பை’ வென்றது. அதில் நடித்த ஜேம்ஸ் மார்ட்டினுக்கு அன்று பிறந்தநாள். கிடைத்த நேரத்தை வைத்து மொத்த அரங்கையும் பிறந்தநாள் வாழ்த்துப் பாட வைத்தார்கள் அந்தக் குழுவினர். பிசிஆரில் யாரும் அதன்மேல் இசையை ஏற்றவில்லை. நானாக இருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன். நட்சத்திரங்கள் நிறைந்த அரங்கு ஓர் இளைஞனுக்காகப் பாடுவது தொலைக்காட்சிக்குத் தங்கக் கட்டி. தயாரிப்பாளர் ஒருவர் காகிதத்தைப் பிரித்து நன்றி சொல்வது அப்படி அல்ல என்று எங்கள் ஆட்கள் கணக்குப் போடுவார்கள். டைமர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அதை மதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆள்தான்.

2025 விழாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ‘தி புரூட்டலிஸ்ட்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கிய ஏட்ரியன் புரோடி 5 நிமிடம் 40 விநாடி பேசினார். 1943இல் கிரீர் கார்சன் என்ற நடிகை ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதுதான் அதுவரை மிக நீண்ட ஆஸ்கர் பேச்சாக இருந்தது. அதையும் தாண்டிவிட்டார். நடுவில் இசை கிளம்பத்தான் செய்தது. அதை நிறுத்தச் சொன்னார், தனக்கு இது புதிதல்ல என்றார். நிறுத்திவிட்டார்கள். அதே அமைப்பு, அதே மேடை, அதே 45 விநாடி.

எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது 2020 பிப்ரவரியில் நடந்தது. தென்கொரியாவின் ‘பாரசைட்’ சிறந்த படமாக அறிவிக்கப்பட்டது. ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. ஒரு தயாரிப்பாளர் பேசி முடித்தார், மேடை விளக்குகள் மங்கின. அடுத்துப் பேசத் தயாராக, படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர் மிக்கி லீ நின்றுகொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த டாம் ஹாங்க்ஸ், சார்லீஸ் தெரோன் உள்ளிட்ட நட்சத்திரங்கள் கைகளை உயர்த்தி, விளக்கைப் போடச் சொல்லி ஒரே குரலாக முழங்கினார்கள். விளக்கு திரும்ப எரிந்தது. மிக்கி லீ பேசினார். கட்டுப்பாட்டு அறையின் முடிவை அரங்கமே மாற்றிய இப்படி ஒரு காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை இயக்கியவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் இப்போதும் கழுத்து வியர்க்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: இந்தியர் என்பதற்காக யாரும் திட்டமிட்டு வெட்டவில்லை. அப்படி ஓர் எண்ணம் இருந்தால், அன்று ‘நாட்டு நாட்டு’ பாட்டையும் ஆட்டத்தையும் மேடையேற்றி, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியதை நமக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் குறும்படம் என்கிற கடைசி வரிசை, கேமராவுக்கு அறிமுகமில்லாத தயாரிப்பாளர், முன்வரிசையில் அவருக்காகக் குரல் கொடுக்க ஒரு நட்சத்திரமும் இல்லாத நிலை எல்லாம் ஒன்று சேர்ந்தபோது கடிகாரம் அவர்மீது முழு அதிகாரத்தோடு பாய்ந்தது. உங்கள் கணவர் அதற்கு வைத்த பெயர் சரியில்லை, ஆனால் அவர் கண்ணில் பட்டது சரி. ஹாலிவுட்டில் யாருக்கு அறிமுகம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில் நாட்டுக்கும் நிறத்துக்கும் பங்கே இல்லை என்று உங்கள் மகனும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

வெட்டுப்பட்ட சொற்கள் சாதாரணமானவை அல்ல என்பதால்தான் அந்தக் காயம் ஆறவில்லை. ஓர் இந்தியத் தயாரிப்புக்கு ஆஸ்கர் கிடைப்பது இதுவே முதல்முறை என்பதைத்தான் சொல்ல நினைத்ததாகக் குனீத் மோங்கா பின்னர் பேட்டிகளில் வருத்தத்தோடு சொன்னார். 1983இல் ‘காந்தி’ படத்துக்காக உடையலங்கார விருது பெற்ற பானு அதையா, 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக விருது பெற்ற ஏ.ஆர். ரகுமான், ரசூல் பூக்குட்டி, குல்சார் எல்லோரும் நம்மவர்கள்தான். ஆனால் அவை ஆங்கிலேய இயக்குநர்கள் எடுத்த படங்கள். நம் ஆட்கள் எடுத்து, நம் காட்டில் நடந்து, நம் மொழி பேசிய படம் அங்கே ஏறியது என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ரகுமான் அன்று “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று அந்த மேடையில் தமிழில் சொன்னபோது எத்தனை விநாடி ஆனது? மூன்று இருக்குமா? அந்த மூன்று விநாடியை இன்னும் பேசுகிறோம். அதனால், ‘ஒரு வாக்கியம்தானே’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அழுதது அசட்டுத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை அழ வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம், டீச்சர். இறுதிப் பட்டியலில் உள்ள ஐந்து பேருக்கும் தனித்தனிக் கேமரா வைப்பது எதற்கு? பெயரை அறிவிக்கும் நொடியில் ஐந்து முகங்களையும் ஒரே திரையில் காட்டுவது எதற்கு? உறையைப் பிரிப்பவர் ஒரு விநாடி தாமதிப்பது எதற்கு? வீட்டில் இருப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். நீங்கள் சாய்ந்தீர்கள். அதுவும் உங்களுக்குப் பழக்கமான முகாம், உங்கள் மலைப்பாதையில் பஸ்ஸிலிருந்து பார்க்கிற யானைகள், ரகு, அம்மு என்று பெயர் தெரிந்த குட்டிகள். அந்த நேரத்தில் பொம்மன்கூட வீட்டில் இல்லை, தாயைப் பிரிந்த யானைக்குட்டி ஒன்றைப் பார்த்துக்கொள்ள வெளியூர் போயிருந்தார். அவர் பார்க்காத விழாவை அவருக்காகவும் சேர்த்துப் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவர். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் வெட்கப்பட வேண்டும் என்று சொல்லக்கூடியது, கோபத்தில் யாரோ ஒரு நடிகருக்குத் தெருச்சண்டை மொழியில் செய்தி அனுப்புகிறவர்களைத்தான். நீங்கள் அழுதுவிட்டுக் காபி போடப் போயிருப்பீர்கள்.

நம் ஊர் விருது விழாக்களில் யாரையும் இசை போட்டு இறக்குவதில்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். உண்மைதான், இறக்குவதில்லை. ஏனென்றால் பெரும்பாலும் அது நேரலை அல்ல. இரவெல்லாம் நடக்கும் விழாவைப் பதிவு செய்து, பல நாள் கழித்துப் பண்டிகை விடுமுறையில் ஒளிபரப்புவார்கள். வெட்டுவது எடிட்டிங் அறையில், யாருக்கும் வலிக்காமல். வாழ்நாள் சாதனை விருது வாங்கிய மூத்த ஒப்பனைக் கலைஞர் ஒருவர் தன் குருநாதர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கண்கலங்கி, நெடுநேரம் பேசியதை நான் அரங்கில் இருந்து கேட்டேன். ஒளிபரப்பில் அவர் விருதை வாங்கினார், கும்பிட்டார், அவ்வளவுதான். நடுவில் ஒரு பெரிய நடிகை நெகிழ்ந்து கைதட்டுவதாக ஒரு காட்சி வந்தது. அந்தக் கைதட்டல் அவருக்கானது அல்ல, அதற்கு முன் நடந்த நடனத்துக்கானது. கூட்டத்தின் கைதட்டலையும் சிரிப்பையும் விழா தொடங்கும் முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஆஸ்கரில் குனீத் மோங்காவின் அதிர்ச்சியை உலகம் பார்த்தது, அதனால் கேள்வி கேட்டது. எங்கள் ஒப்பனைக்காரருக்காகக் கேள்வி கேட்க யாருக்கும் எதுவும் தெரியவே இல்லை. இரண்டில் எனக்கு முன்னது பரவாயில்லை.

பேத்தியோடு கட்டாயம் பாருங்கள். விழா தொடங்கும் நேரத்தை முந்தின வாரமே செய்தித்தாளில் பார்த்துக்கொள்வது நல்லது. 2023இல் நம் ஊர் நேரம் காலை 5.30, 2024இல் 4.30க்கே தொடங்கிவிட்டது. அமெரிக்கர்கள் மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைப்பதும் இந்தக் கணக்கில் குறுக்கே வரும். அதைவிட முக்கியம், குறும்படப் பட்டியல் வெளிவந்ததும் அவற்றில் கிடைப்பதை முன்கூட்டியே இருவரும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 40 நிமிடம். படத்தைப் பார்த்தவருக்கு, பேச்சு வெட்டுப்பட்டாலும் அந்த விருது யாருக்கு, எதற்கு என்று தெரியும். வாக்களிக்கும் உறுப்பினர்களே ஒரு பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஓட்டுப் போடலாம் என்ற விதியை 2025இல்தான் அறிவித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பேத்தி அவர்களில் பலரைவிட ஒழுங்கான நடுவராக இருப்பாள்.

மேடையிலிருந்து இறங்குபவர்களை நேராக நிருபர்கள் காத்திருக்கும் அறைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே இசைக்குழு கிடையாது. மேடையில் விட்டுப்போன பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் வரும். அந்தப் பேச்சுகள் பிறகு இணையத்தில் கிடைக்கும், அவளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். 2029 முதல் இந்த விழா தொலைக்காட்சியை விட்டு யூடியூபுக்குப் போகப்போவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். அங்கே கடிகாரம் கொஞ்சம் இளகுமா என்று என் போன்றவர்களே ஆவலோடு காத்திருக்கிறோம். விளம்பரம் அங்கேயும் உண்டு என்பதால் நான் பெரிதாக ஆசைப்படவில்லை.

வீட்டுச் சண்டைக்கு ஒரு வழி சொல்கிறேன். மகன் அடுத்த முறை பெங்களூரிலிருந்து வரும்போது அவரையும் உங்கள் கணவரையும் ஒரே சோபாவில் உட்கார வையுங்கள். பேசாதீர்கள். 2020இன் அந்த விளக்குக் காட்சியை முதலில் போடுங்கள், அடுத்து 2023, கடைசியாகப் புரோடி இசையை நிறுத்தச் சொல்லும் இடம். மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம்தான் வரும். புரோடி பேசி முடிக்கும்போது உங்கள் மகன் டைமரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.